ஸ்போர்ட்ஸ் காரில் மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

மெக்கானிக்கல் கேஜில் எஞ்சின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. கேஜுக்குள் வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கும். போர்டன் குழாய் என்பார்கள். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவுதான் முள்ளைத் தள்ளுகிறது. நடுவில் சென்சாரும் ஒயரும் இல்லாததால் தவறாகக் காட்டும் வாய்ப்பு குறைவு. ஆனால் சூடான ஆயில் உங்கள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. கீழே சொல்லும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அந்தக் காரணத்தை வைத்தே அமைந்தவை.

ரேஸ் டிராக்குக்காகத் தயார் செய்த சில ஹோண்டா சிட்டிகள், கடைசியாக நண்பர் ஒருவரின் பழைய பிரிட்டிஷ் வண்டியான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று சில வண்டிகளில் இதைச் செய்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். கிட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக எஞ்சினில் இருக்கும் ஆயில் சுவிட்சை, அதாவது அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சுவிட்சைக் கழற்றிவிடுகிறார்கள். பிறகு எஞ்சின் மரைக்கும் கேஜ் மரைக்கும் நடுவில் வரும் அடாப்டர் சேரவில்லை, குழாய் நீளம் போதவில்லை என்று தெரியவரும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும், கடைகள் இருக்காது, எஞ்சின் பிளாக்கில் ஓட்டையோடு வண்டி நிற்கும். கேஜிலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கி வேலை செய்யுங்கள். எஞ்சினைத் தொடுவது கடைசியில்.

1. வாங்குவதற்கு முன் மரையைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் பாதித் தோல்வி மரையில்தான். ஆயில் சுவிட்ச் உட்காரும் ஓட்டையில் பொதுவாக மூன்று மரைகளில் ஒன்று இருக்கும்: 1/8 என்பிடி (அமெரிக்கக் கூம்புக் குழாய் மரை), 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் கூம்புக் குழாய் மரை), எம்10×1 (மெட்ரிக் மரை). மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, வெளிவிட்டம் சுமார் 10.3 மி.மீ. பிஎஸ்பிடியில் 28 மரை, சுமார் 9.7 மி.மீ. எம்10×1 என்றால் 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை சரியாக 1 மி.மீ. மரையின் கோணமும் ஒன்றல்ல: என்பிடிக்கும் மெட்ரிக்குக்கும் 60 டிகிரி, பிஎஸ்பிடிக்கு 55. ஜப்பானிய வடிவமைப்பு எஞ்சின்களில் பெரும்பாலும் பிஎஸ்பிடி. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் எம்10×1. அமெரிக்க கேஜ் கிட்டுகள் பெரும்பாலும் என்பிடியோடு வரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் முன்னால் இருந்தவர் என்ன மாற்றினார் என்பதே தெரியாது, அதனால் அளந்தே ஆக வேண்டும்.

தவறான அடாப்டரும் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும் என்பதுதான் இதில் ஆபத்து. அதற்கு மேல் இறுகும்போது மரை சரியாகப் பிடித்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பித்தளை மரை சிதைந்துகொண்டிருக்கும். இன்னும் அழுத்தினால், சுவிட்ச் அலுமினிய ஃபில்டர் ஹவுசிங்கில் இருக்கும் வண்டிகளில் ஹவுசிங்கே விரிசல் விடும். ‘எல்லா வண்டிக்கும் உக்காரும் சார், டேப் ஒரு சுத்து அதிகமா சுத்துங்க’ என்று கடையில் சொன்னதை நம்பி நானும் ஒருமுறை வாங்கி வந்தேன். அந்த இணைப்பு கடைசி வரை கசிந்தது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ உங்கள் வண்டிக்கான புதிய ஆயில் சுவிட்ச் ஒன்றை வாங்குங்கள். எஞ்சினைத் தொடாமலே அதன் மரையை அளந்துவிடலாம். பிறகு அதே சுவிட்ச் டீயில் (T வடிவில் மூன்று வாய் உள்ள இணைப்பு) உட்காரும், பழையது கையிருப்பாகும். மரை கேஜின் (மரை அளக்கும் பல் வைத்த தகடுகள்) பற்களைச் சுவிட்சின் மீது வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியாத பல்தான் சரி. விட்டம் அளக்கும் வெர்னியரை மட்டும் நம்ப வேண்டாம். கூம்பு மரையில் நுனிக்கும் அடிக்கும் விட்டம் மாறும்.

அடாப்டர் கிடைக்கவில்லை என்றால் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் குழாய் ஃபிட்டிங் கடைகளில் விசாரியுங்கள். அங்கும் இல்லாவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத்தில் கடைந்து வாங்கலாம். லேத்துக்குப் போகும்போது சுவிட்சையும் கேஜ் ஃபிட்டிங்கையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லும் அளவு போதாது.

2. கையில் இருக்க வேண்டியவை

கேஜ் 52 மி.மீ. அளவில் இருந்தால் பாட் (கேஜ் உட்காரும் கூடு), பிராக்கெட் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். 0 முதல் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை காட்டினால் போதும்.

குழாயில் மூன்று வகை. கிட்டோடு வரும் 1/8 அங்குல நைலான் குழாய் வளைக்க எளிது, ஆனால் எக்ஸாஸ்ட் சூட்டில் இளகும். செப்புக் குழாய் சூட்டைத் தாங்கும், ஆனால் எஞ்சின் அதிர அதிர இறுகி உடையும். அதனால் எஞ்சின் பக்கம் அதை இரண்டு சுருள் சுற்றி விட வேண்டும். மூன்றாவது, ஸ்டீல் பின்னல் போட்ட பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) ஹோஸ். விலை கூடுதல்தான். டிராக்கில் ஓடும் வண்டி என்றால் நான் வேறு எதையும் போடுவதில்லை. தெருவில் மட்டும் ஓடும் வண்டிக்கு, வழி குளிர்ச்சியாக இருந்தால், நல்ல நைலான் போதும்.

இவற்றோடு ஒரு பித்தளை டீ, பிளாக்கிலிருந்து டீ வரை ஓர் அடி நீளப் பின்னல் ஹோஸ், ரப்பர் கிராமெட் (தகட்டு ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இரண்டு, ரப்பர் வைத்த கிளிப் ஆறேழு, திரவ த்ரெட் சீலன்ட், புது பிளேடு, சுவிட்சுக்குப் பொருந்தும் ஆழமான சாக்கெட், ஓப்பன் ஸ்பேனர் ஒரு ஜோடி, அரை லிட்டர் எஞ்சின் ஆயில் வேண்டும். ஓர் அடி ஹோஸுக்குப் பதில் பிரேக் ஹோஸ் போடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பிரேக் ஹோஸின் உள் ரப்பர் பிரேக் ஆயிலுக்கானது. எஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப்போகும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வேலை செய்தால் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். செங்கல் அடுக்குவதும் கூடாது. பாரம் ஏறினால் பொடிந்துவிடும்.

3. கேஜின் இடம்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும்போது ஸ்பேனர் எதில் படும் என்று சொல்ல முடியாது.

கேஜை டேப்பால் ஒட்டிவிட்டு ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஸ்டீயரிங்கை நேராகவும் கால் சுற்று திருப்பியும் பாருங்கள். வளைவில் முள் தெரிவதுதான் முக்கியம், அதனால் ஸ்டீயரிங் கம்பி மறைக்கும் இடம் பயன்படாது. பின்பக்கம் குழாய் மடங்காமல் வளைய நான்கு விரல் இடமாவது வேண்டும். கேஜ் பல்புக்கு ஒரு ஒயரைப் பார்க் லைட் சப்ளையிலும் இன்னொன்றைப் பாடி எர்த்திலும் கொடுத்தால் போதும்.

4. ஃபயர்வால் ஓட்டை

எஞ்சின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகடுதான் ஃபயர்வால். அதில் ஏற்கனவே இருக்கும் ஓட்டையைத் தேடுங்கள். கிளட்ச் கேபிள், ஹீட்டர் குழாய், ஒயரிங் போகும் கிராமெட் எதிலாவது இடம் இருக்கும். புதிதாகப் போடுவதானால் எதிர்ப்பக்கம் ஒயர் கட்டு இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள். ஓட்டையின் பிசிறை அரத்தால் நீக்கி, விளிம்பில் பிரைமர் தடவிக் காயவிடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் வெறும் தகடு ஒரு மழைக்காலம் தாங்காது.

அப்புறம் கிராமெட். இதை விட்டுவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் ‘நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்று நைலான் குழாயை வெறும் ஓட்டை வழியாக விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். நாளை பல வாரம் ஆனது. ஈ.சி.ஆரில் போகும்போது கார் முழுக்கச் சூடான ஆயில் வாசனை. காலைக் கிளட்சிலிருந்து எடுத்தால் செருப்பு வழுக்கியது. ஓரம் கட்டிப் பார்த்தபோது கால்மிதியில் கறுப்பாக ஆயில் தேங்கியிருந்தது. தகட்டின் விளிம்பு குழாயை மயிரிழை அளவுக்குத்தான் அறுத்திருந்தது. அந்தச் சின்னக் கீறல் வழியாகவே ஆயில் விசிறி அடித்திருக்கிறது. அது பிரேக் பெடலுக்குப் போகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

5. குழாயை வழிநடத்துவது

கேஜ் பக்கத்திலிருந்து தொடங்கி ஃபயர்வால் வழியாக எஞ்சின் அறைக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஸ்டீயரிங் தண்டு, பெடல்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஃபேன் ஆகியவற்றை விட்டு விலகிப் போக வேண்டும். நீளம் கூடினாலும் பரவாயில்லை, குளிர்ந்த பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பானட்டுக்குள் காற்றே ஓடாது. ஓடும்போது தாங்கும் நைலான் நின்றால் இளகும்.

உள்ளே பெடல்களுக்கு மேல் குழாய் தொங்கக் கூடாது. பெடல் ஒவ்வொன்றையும் முழுதாக மிதித்து, ஷூவின் நுனி குழாயில் படுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

ரப்பர் கிளிப்பால் பாடியில் பிடியுங்கள். பாடியிலிருந்து எஞ்சினுக்குத் தாண்டும் இடத்தில் ஒரு தளர்ந்த வளையம் விடுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் மவுன்டில் ஒருபக்கம் சாயும். குழாய் இழுத்துக் கட்டியிருந்தால் அந்த இழுப்பு முழுக்க இணைப்பில் விழும்.

குழாயைப் புது பிளேடால் நேராக வெட்டுங்கள். கட்டிங் பிளேயர் வாயை நசுக்கிவிடும். நசுங்கிய வாய் ஃபெருலுக்குள் (நட்டு இறுகும்போது குழாயைக் கவ்வும் சின்ன வளையம்) சரியாக உட்காராது.

6. கேஜ் பக்க இணைப்பு

நைலானோ செப்போ போட்டால் குழாயில் முதலில் நட்டு, பிறகு ஃபெருல். பத்தில் எட்டுப் பேர் நட்டை மறந்துவிட்டு ஃபெருலை அழுத்திவிடுவார்கள். குழாயைக் கேஜின் வாய்க்குள் அடி தட்டும் வரை தள்ளி, தள்ளியபடியே பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் முடுக்குங்கள். இனி கையால் முடியாது என்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. முதலில் நட்டு லேசாகத் திரும்பும், பிறகு ஃபெருல் குழாயைக் கவ்வும்போது ஒரு கனம் விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். மெதுவாக இழுத்துப் பார்த்தால் குழாய் அசையக் கூடாது.

இதைச் செய்யும்போது கேஜின் பின்னால் இருக்கும் சதுரத்தை இன்னொரு ஸ்பேனரால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் முடுக்கினால் முறுக்கு உள்ளே போர்டன் குழாய்க்குப் போகும். முள் பூஜ்ஜியத்தில் நிற்காத புதுக் கேஜ்கள் பல இப்படிக் கெட்டவைதான்.

கேஜை இன்னும் டேஷ்போர்டில் மூடிவிடாதீர்கள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே தொங்கட்டும், கீழே பழைய துணி இருக்கட்டும். கசிவைப் பார்க்க வேண்டிய நேரம் இனிமேல்தான் வரப்போகிறது.

7. எஞ்சின் பக்கம்

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஆயிலை வடிக்கத் தேவையில்லை. ஓடாத எஞ்சினில் அந்த ஓட்டை வழியாகச் சில ஸ்பூன் ஆயில்தான் வரும். கீழே துணியை வைத்துவிட்டுச் சுவிட்சைக் கழற்றுங்கள். ஓட்டையைத் துடைக்கும்போது நூல் உள்ளே போகாத துணியாக எடுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம்.

பிளாக்கில் அடாப்டர், அதன் மேல் டீ, டீயில் சுவிட்ச் என்று நேராக அடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். மெல்லிய 1/8 மரை ஒன்றின் மேல் அவ்வளவு எடை நீட்டிக்கொண்டு நின்று அதிரும். பெரம்பூர்த் தம்பி ஒருவர் அப்படித்தான் போட்டிருந்தார். ‘அண்ணே, டீ கையோட வந்துடுச்சு’ என்று போன் வந்தபோது, அடாப்டர் மரையின் அடியில் முறிந்து பாதி பிளாக்குக்குள்ளேயே இருந்தது. அதை எடுக்க எங்களுக்கு ஒரு நாள் பிடித்தது. ஆகவே பிளாக்கில் அடாப்டர், அதிலிருந்து ஓர் அடி ஹோஸ், டீ பாடியில் கிளிப்பால் பிடித்து நிற்க வேண்டும்.

டீயின் ஒரு வாயில் சுவிட்ச், இன்னொன்றில் கேஜ் குழாய். எச்சரிக்கை விளக்கைத் தூக்கிவிட்டுக் கேஜை மட்டும் வைப்பவர்கள் உண்டு. நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். போக்குவரத்தில் யாரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிவப்பு விளக்கு கண்ணில் தைக்கும்.

ஒற்றை ஒயர் சுவிட்ச் தன் உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கும். டீ நிற்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, ரப்பர் வைக்காத கிளிப்பால் தகட்டோடு பிடியுங்கள், அல்லது ஒரு எர்த் ஒயர் கொடுங்கள். இல்லையென்றால் விளக்கே எரியாது.

மரையில் டெஃப்லான் டேப்பைவிடத் திரவ சீலன்ட் நல்லது. டேப்பின் துணுக்கு பிய்ந்து போனால் கேஜ் குழாயின் மெல்லிய வாயை அடைத்துக்கொள்ளும்; முள் சோம்பும். டேப்தான் கையில் இருக்கிறது என்றால் நுனியில் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். ஃபெருல் இணைப்புக்கு இரண்டுமே கூடாது. அங்கே உலோகமே அடைப்பு.

கேஜ் குழாய் தொடங்கும் இடத்தில் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைக் குறுக்கும் அடைப்பு) போட முடிந்தால் போடுங்கள். அழுத்தத்தைக் காட்ட ஆயில் ஓட வேண்டியதில்லை, அதனால் அளவு மாறாது. குழாய் அறுந்தால் மட்டும் கசிவு வெகுவாகக் குறையும்.

8. முதல் ஸ்டார்ட்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். பேட்டரியை இணைத்து, பழைய வண்டியானால் இக்னிஷன் காயிலின் ஒயரையும், இன்ஜெக்‌ஷன் வண்டியானால் ஃபியூவல் பம்ப் ஃபியூஸையும் கழற்றுங்கள். இக்னிஷனைப் போட்டதும் ஆயில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள்.

எஞ்சின் பற்றாமல் பத்து பத்து வினாடியாகச் செல்ஃப் அடியுங்கள். முள் மெதுவாக எழும், விளக்கு அணையும். ஏதாவது இணைப்பு தளர்ந்திருந்தால் இந்தக் குறைந்த அழுத்தத்திலேயே சொட்டும்; நேராக ஸ்டார்ட் செய்திருந்தால் அதே இடத்தில் பீய்ச்சியிருக்கும்.

சரி, இப்போது கழற்றிய ஒயரையோ ஃபியூஸையோ போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் கேஜ் பக்கம், ஒருவர் எஞ்சின் பக்கம். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் புள்ளியாக விழும். கசிந்தால் ஓடும்போது முடுக்காதீர்கள், அணைத்துவிட்டு முடுக்குங்கள்.

குழாயில் காற்று இருக்கிறதே, எடுக்க வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேவையில்லை. காற்றும் அதே அழுத்தத்தைத்தான் கடத்தும். முள் கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவே. அதை எடுக்கிறேன் என்று கேஜ் நட்டைத் தளர்த்திக் காருக்குள் ஆயிலைச் சிந்துவதில் பயன் எதுவும் இல்லை.

பிறகு எஞ்சின் முழுதாகச் சூடாகும்படி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆற விட்டு எல்லா நட்டையும் ஒருமுறை பாருங்கள். நைலான் குழாய் முதல் சூட்டில் சற்று இளகி உட்காரும், அதனால் ஃபெருல் நட்டு இன்னும் சிறிது திரும்பலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைச் சரிபார்த்த பின்னால்தான் கேஜை டேஷ்போர்டில் மூட வேண்டும்.

9. முள் சொல்வது

குளிர்ந்த எஞ்சினில் ஆயில் தடிமனாக இருப்பதால் முள் உயரத்தில் நிற்கும். சூடானால் இறங்கும். ஸ்பிட்ஃபயருக்குச் சூடான நிலையில் 2000 ஆர்.பி.எம்.மில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான எண்ணை வொர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்கள். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்ற பொதுக் கணக்கு ஒரு மதிப்பீட்டுக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. மெக்கானிக் ‘மூணு கிலோ இருக்கு’ என்றால், சதுர செ.மீ.க்கு மூன்று கிலோ என்று பொருள்; சுமார் 43 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாத மதியத்தில் திருவான்மியூர் சிக்னலில் நிற்கும்போது முள் 15 அருகே இறங்கியதைப் பார்த்துப் பயந்து எஞ்சினை அணைத்தவர்கள் உண்டு. வேகம் கொடுத்ததும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பெரும்பாலும் சூட்டினால் வந்த இறக்கம்தான். முதல் வாரம் குளிர்ந்த ஐடில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும் நிலை), சூடான ஐடில், சூடான 3000 ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கவனிக்க வேண்டியது வேறு. நீண்ட வளைவில் முள் சட்டென்று விழுந்து, நேர்ப்பாதைக்கு வந்ததும் எழுந்தால், ஆயில் சம்பின் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறது. சிவப்பு விளக்கு பெரும்பாலும் ஐந்து ஆறு பி.எஸ்.ஐ.க்குக் கீழே போன பிறகுதான் எரியும், அதற்குள் பேரிங் காய ஆரம்பித்திருக்கும். முள் விழுவதைப் பார்த்தால் அந்தச் சுற்றோடு பிட்டுக்குள் வந்துவிடுங்கள். முதலில் ஆயில் அளவு, பிறகு சம்ப் தடுப்புத் தகடு.

10. குழாய் வழியில் அறுந்தால்

உடனே எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே ஓரம் கட்டுங்கள். அணைத்தால் அழுத்தம் போய்விடும், பீய்ச்சுவதும் நின்றுவிடும். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை வெளியே எடுக்காமல் விடுங்கள்.

கிளவ் பாக்ஸில் நான் இரண்டு பொருள் வைத்திருப்பேன்: டீயின் கேஜ் வாய்க்குப் பொருந்தும் ஒரு பிளக், எஞ்சினிலிருந்து கழற்றிய அந்தப் பழைய சுவிட்ச். கேஜ் குழாய் போனால் எஞ்சின் ஆறிய பிறகு அதைக் கழற்றி டீயின் வாயைப் பிளக்கால் அடைக்கலாம், விளக்கு வழக்கம்போல் வேலை செய்யும். பிளாக்கிலிருந்து வரும் ஹோஸே போனால் அடாப்டரோடு கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சைப் பிளாக்கில் போட்டு ஒயரை மாட்டுங்கள். இரண்டு நிலையிலும், அந்த அரை லிட்டரில் மீதி இருக்கும் ஆயிலை ஊற்றி டிப் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கு மேல் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். வராவிட்டால் டோவிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.